பொருத்தம் சொன்னவர் முதுகு

செந்தரையில் முதல் அடி விலாசம் மாறி விழுந்தது தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. பாத்திரக்கடை தவசிக்கனி தன் மனைவி ராஜகனியின் இடது கன்னத்தைப் பார்த்து ஓங்கிய கை, எப்போதும்போல வேகமாக வந்து, எப்போதும்போலப் பளாரென்று சத்தமும் எழுப்பி, அவள் கன்னத்தில் மின்விசிறிக் காற்று பட்ட அளவுக்குக்கூட உறைக்காமல் முடிந்துபோன அதே நேரத்தில், இரண்டு தெரு தள்ளி உரக்கடை மாடியில் உட்கார்ந்து ஒரு பெண்குழந்தைக்கு ஜாதகம் எழுதிக்கொண்டிருந்த ஜோசியர் பலவேசத்தின் தலை வெடுக்கென்று ஒருபக்கம் திரும்ப, வாயிலிருந்து கடைவாய்ப்பல் ஒன்று தெறித்து, அவர் அப்போதுதான் கோடு போட்டு முடித்திருந்த பன்னிரண்டு கட்டங்களில் ஏழாவது கட்டத்தில் போய் விழுந்தது.

குழந்தையின் அப்பா குனிந்து பார்த்தார்.

"ஏழுல என்ன கிரகம் ஜோசியரே?"

பலவேசம் வேட்டி முனையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பல்லு" என்றார்.

ஏழாம் வீடு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான் ஒன்பது வருஷமாகப் பேச்சு. ஜாதகத்தில் லக்னம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதுதான் நீங்கள். அதிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் ஏழாவதாக, உங்களுக்கு நேர் எதிரே, முகம் பார்த்துக்கொண்டு ஒரு கட்டம் வரும், அதுதான் உங்களோடு சேர்ந்து வாழப்போகிறவருடைய இடம். அந்தக் கட்டத்தில் குரு இருந்தால் நல்லது, சுக்கிரன் இருந்தால் இன்னது, சனி இருந்தால் தாமதம், செவ்வாய் இருந்தால் தோஷம். இவ்வளவுதான் சாஸ்திரம். மீதியெல்லாம் பலவேசம். செவ்வாய் ஆணின் ஏழில் இருந்தால், "பையன் கொஞ்சம் கோவக்காரர், வாறவ அனுசரிச்சுப் போவணும்" என்பார். அதே செவ்வாய் பெண்ணின் ஏழில் இருந்தால், "அடி வாங்குத ஜாதகம், வாறவனுக்கு இவ அனுசரிச்சுப் போவணும்" என்பார். அடி வாங்கிய பெண்கள் வீங்கின கண்ணோடு ஜாதக நோட்டை எடுத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறும்போதெல்லாம், ஏழாம் கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இந்தா, உன் கட்டத்துலயே இருக்கே தாயி, அவன் என்ன செய்வான்" என்று சொல்லி அனுப்புவார். அவர்களும் தங்கள் கட்டத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி, திரும்ப அதே வீட்டுக்குப் போவார்கள்.

என் அக்கா சொர்ணத்துக்கு ஏழில் செவ்வாய். அவள் நோட்டைப் பார்த்துப் பதினோரு வீட்டார் எழுந்து போயிருந்தார்கள். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருஷம் பலவேசத்திடம் நேரில் போய்க் கேட்டேன், செவ்வாய் ஆணுக்கு இருந்தாலும் பெண்ணுக்கு இருந்தாலும் குற்றம் எப்படிப் பெண்ணிடமே வந்து நிற்கிறது என்று. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"படிக்கப் போற எடத்துல சாஸ்திரம் சொல்லித் தரல போலுக்கு."

"தர்க்கம் சொல்லித் தராங்க" என்றேன்.

"அது வயித்துக்கு ஆவாது" என்றார்.

எங்கள் ஊரில் பொருத்தம் என்பது காகிதத்தோடு முடிகிற காரியம் இல்லை. நிச்சயதார்த்தத்து அன்றைக்கு இரண்டு ஜாதகத்தையும் தாம்பாளத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, அதைப் பார்த்தவர் சபைக்கு நடுவில் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி மூன்று தடவை, பொருத்தம், பொருத்தம், பொருத்தம் என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் வெற்றிலை மாறும். முப்பது வருஷமாகச் செந்தரையில் அந்த மூன்று தடவையைச் சொன்ன வாய் பலவேசத்தினுடையது. ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் அவருக்குப் பதினாலு அடி விழுந்தது. மறுநாள் பத்தொன்பது. வியாழக்கிழமை பெல்ட்டால் இரண்டு, அகப்பையால் ஒன்று, செருப்பால் எண்ண முடியாதது.

அவர் மனைவி இசக்கியம்மாள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே தடங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். "இது இடதுகைக்காரன். வடக்குத் தெரு தபால்காரர் மவன்தான் இடது கை. நல்ல பையன்னு சொன்னிய." இன்னொரு தடத்தில் விரலை ஓட்டி, "இது பெல்ட்டு பக்கிள். இதுல தாமரைப்பூ இருக்கு. யாருதுன்னு விசாரிச்சுப் பாக்கேன்" என்பாள். கொஞ்ச நாளிலேயே ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது பலவேசத்தின் முதுகில் எழுதப்பட்டிருந்தது. அவர் எழுதின எந்த ஜாதகத்தைவிடவும் அது துல்லியமாக இருந்தது, அவரால் மட்டும்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

இனி ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். நீங்கள் நினைப்பது நடக்கவில்லை.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கு இது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கும் ஆசை வந்தது. இரண்டு பேர் உரக்கடை மாடிக்குப் போய் ஜோசியருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்கள், ஒருவர் வீட்டுக்குப் போய், பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவியைக் காரணமே இல்லாமல் எழுப்பி நிறுத்தி ஓர் அறை விட்டு, காதில் செல்போனை வைத்துக்கொண்டு, "விழுந்துச்சால?" என்று கேட்டார். "விழுந்துச்சு அண்ணாச்சி, வலது காது" என்று இங்கிருந்து பதில் போனது. "இப்பம்?" "இப்பம் முதுகு." "இப்பம்?" பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் சலித்துப்போய், "சோலி முடிஞ்சா தள்ளும், குழம்பு கொதிக்கி" என்றாள். வலிக்காத அடிக்கு எவள்தான் பயப்படுவாள். அந்த மாசம் செந்தரைப் பெண்கள் அடி விழுந்துகொண்டிருக்கும்போதே சிரித்தார்கள், சிரித்ததால் ஆண்களுக்கு வெறி ஏறியது, வெறியில் அடி இரட்டிப்பாகியது, இரட்டித்த அத்தனையும் மாடிப்படி ஏறிப் போய் ஒரே உடம்பில் இறங்கியது. இரண்டு மூன்று பெண்கள் வேண்டுமென்றே புருஷனைச் சீண்டி அடிக்க வைத்தார்கள் என்றும் ஊரில் பேச்சு, இருக்கலாம், அவர்களும் ஒரு காலத்தில் அந்தப் படிக்கட்டில் வீங்கின கண்ணோடு ஏறியவர்கள்தான், நான் அவர்களை ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கட்சிக்காரர்கள் உரக்கடை வாசலில் ஃபிளக்ஸ் கட்டினார்கள். பலவேசம் கைகூப்பியிருக்க, பின்னால் சூரியன் உதிக்க, 'செந்தரையின் வலி தாங்கும் செம்மல்' என்று எழுதியிருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்துப் போனார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, "யார் மேல புகார்?" என்று கேட்டார். "முன்னூறு பேர் இருக்கும்" என்றாள் இசக்கியம்மாள். "பேர் சொல்லு" என்று நோட்டைத் திறந்தவர், இரண்டாவது தெருவுக்கு வரும்போது தன்னுடைய பெயரும் வரப்போவதை யோசித்துப் பார்த்து நோட்டை மூடிவிட்டார். அவருக்கும் பொருத்தம் சொன்னது பலவேசம்தான்.

மாசிக் கடைசியில் கல்யாண மண்டபத்தில் ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் சங்கரபாண்டி எழுந்து, நமக்கெல்லாம் நல்லது சொன்ன மனுஷன் இப்படிப் பாடுபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார், எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கலாம் என்றார். ஒருவர் ஜோசியரை மெத்தையில் சுற்றி வைக்கலாம் என்றார். பரிகாரம், யாகம், ஊரைவிட்டுக் கொஞ்ச நாள் வெளியே அனுப்புவது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நான் வாசல் பக்கம் பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரமும் யாராவது அந்த வார்த்தையைச் சொல்வார்கள் என்று பார்த்தேன். கடைசியில் நானே, "அடிக்கிறதை நிப்பாட்டலாமே" என்றேன்.

சபை என்னைத் திரும்பிப் பார்த்தது. கோபமாகக்கூட இல்லை. வெயில் அடிக்கிறதை நிப்பாட்டலாமே என்று ஒரு பிள்ளை சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

"அது வீட்டு விஷயம்லா பாப்பா" என்றார் தலைவர் அன்பாக. "இது ஊர்க் கமிட்டி."

ஹெல்மெட் வாங்குவது என்று தீர்மானமாயிற்று.

பங்குனியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. மூன்று நாள் மேளம், மூன்று நாள் சாராயம். இரண்டாம் நாள் மத்தியானம் இசக்கியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "உன்னையத்தான் கூப்பிடுதாரு" என்றாள். நான் மாடிக்குப் போனபோது பலவேசம் ஹெல்மெட்டோடு பாயில் கிடந்தார். நான் அங்கே நின்ற அரை மணி நேரமும் அவர் உடம்பு அதிர்ந்துகொண்டே இருந்தது, யாரும் தொடாமலே விலா ஒன்று உள்ளே போனது, கன்னம் ஒட்டி ஒட்டி எழும்பியது, கை தன்னாலே முறுக்கிக்கொண்டு பின்னால் போய், உடைகிற சத்தம் கேட்டது. தெருவில் மேளம். ஒவ்வொரு அடிக்கும் அவர் யாருடைய பெயரையோ முனகிக்கொண்டிருந்தார், அடித்தவன் பெயராக இருக்கும் என்று நினைத்தேன், காதைக் கிட்டே கொண்டுபோனால் பெண்களின் பெயர்கள். ராஜகனி, மேரி, சண்முகத்தாய், ராஜகனி, ராஜகனி. இந்த அடி தன்மேல் விழாவிட்டால் யார்மேல் விழுந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் தர்க்கத்துல கேட்டியே," என்றார். "ஏழாம் வீடு எதிர் வீடு. எதிர்ல ஒருத்தர் உக்காந்து உன்னப் பாத்துட்டு இருக்காருன்னுதான் அதுல இருக்கு. அடிப்பாருன்னு எந்த ஏட்டுலயும் இல்ல. அத நானா சேத்துச் சொன்னேன். எங்கப்பா சொன்னாரு, நானும் சொன்னேன்."

"அப்படியே போய்ச் சபையில சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். பல் இல்லாத வாயில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் நடுராத்திரிச் சாமக்கொடை தொடங்கும் முன்பே இறந்துபோனார். குளிப்பாட்டும்போது உடம்பில் வெள்ளையாக இருந்த இடம் உள்ளங்கால் மட்டும்தான் என்று இசக்கியம்மாள் சொன்னாள்.

மறுநாள் காலையில் தவசிக்கனி அடித்த அடி ராஜகனியின் கன்னத்திலேயே விழுந்தது. வடக்குத் தெருவில் ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு விலகியது. ஆஸ்பத்திரி வாசலில் பழைய கூட்டம் திரும்ப வந்து நின்றது. டீக்கடையில், "சாமி புண்ணியத்துல எல்லாம் பழையபடி ஆயிட்டு" என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் புதுக் கல்யாணங்களுக்குத்தான் சிக்கல். சுற்றுவட்டாரத்தில் எந்த ஜோசியரும் செந்தரை ஜாதகத்தைக் கையால் தொட மாட்டேன் என்றார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் தாங்களே சொல்லத் துணியவில்லை, தங்கள் மருமகன் எப்படிப்பட்டவன் என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்துதான் கொடுக்கிறார்கள். பொருத்தம் சொல்லாமல் வெற்றிலை மாற்றவும் முடியாது. அப்போதுதான் சங்கரபாண்டிக்குப் பேச்சியின் ஞாபகம் வந்தது.

பேச்சி கல்யாண மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். நாற்பது வயதிருக்கும். புருஷன் செத்து ஆறு வருஷம். உயிரோடு இருந்தவரைக்கும் அவளை மண்டபத்து வாசலில் வைத்தே அடித்தவன் அவன், எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தாலி அறுத்தவள் என்று முகூர்த்த நேரத்தில் அவளைப் பின்கட்டை விட்டு வெளியே வர விட மாட்டார்கள். அப்படிப்பட்டவளைச் சபை நடுவில் நிறுத்திப் பொருத்தம் சொல்ல வைக்கலாமா என்று ஒரே ஒருவர் கேட்டார். அடிக்கு ஆள் வேண்டுமென்றால் அமங்கலம்கூடத் தள்ளிப்போகும் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "அவளுக்கு என்ன, பழக்கம்தான" என்றார் சங்கரபாண்டி, அதோடு பேச்சு முடிந்தது. மண்டபத்துப் பின்னறையில் இருந்துகொள்ளலாம், விசேஷத்துக்கு விசேஷம் பந்தியிலேயே சாப்பாடு. வேண்டாம் என்றால் பின்னறையையும் காலி செய்ய வேண்டியதுதான்.

சித்திரையிலும் வைகாசியிலுமாக ஆறு கல்யாணம் நடந்தது. ஆறிலும் பேச்சி எழுந்து நின்று மூன்று தடவை சொன்னாள், இலை போட்டுச் சாப்பிட்டாள். மாப்பிள்ளைகளுக்கு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தது, அதுதான் வித்தியாசம். பலவேசத்தை அடித்தவர்களுக்கு மனைவியை அடித்துத்தான் பழக்கம், அவர்களுக்கு அவ்வப்போது ஜோசியர் ஞாபகமாவது வரும். இந்த ஆறு பேரோ, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சொல்லியே கல்யாணம் பண்ணி வைக்கப்பட்டவர்கள். பேச்சி துடைப்பத்தோடு மண்டபத்தின் நடுவில் நின்றுகொண்டிருப்பாள், திடீரென்று இரண்டாக மடங்கி உட்காருவாள், கொஞ்ச நேரத்தில் எழுந்து விட்ட இடத்திலிருந்து கூட்டுவாள். எங்கேயாவது கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டால் கன்னத்தைப் பொத்திக்கொள்வாள். ஆனி பிறந்தபோது அவளுக்கு இடது கண் தெரியவில்லை. "இன்னொரு ரெண்டு கல்யாணத்துக்குத் தாங்குவா" என்று பந்தி பரிமாறுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த, ஏழாவது கல்யாணம் எங்கள் வீட்டுடையது.

மாப்பிள்ளை ஞானதுரை, செங்கல் சூளைக்காரர். லாரி டிரைவர் ஒருவருடைய கையைச் செங்கல்லாலேயே உடைத்தவர் என்று ஊருக்கே தெரியும், அதனால் அவருக்கும் பெண் கொடுப்பார் இல்லை. அவர் ஜாதகத்தில் ஏழாம் கட்டம் காலி. ஒரு கிரகமும் இல்லாமல் துடைத்துவிட்டாற்போல இருக்கும், அதற்கு ஏழு சுத்தம் என்று பெயர். செவ்வாய்க்காரிக்குச் செவ்வாய்க்காரனைத்தான் சேர்க்க வேண்டும், சுத்த ஜாதகத்தோடு சேர்க்கக் கூடாது என்று இதே ஊர்தான் ஒன்பது வருஷமாக எங்களுக்குச் சொன்னது. "அதெல்லாம் சொல்லுதவங்க வாயிலதான இருக்கு, பேச்சி சொல்லிட்டா பொருந்திரும்" என்று மாப்பிள்ளையின் அம்மா இப்போது சொன்னார். எங்கள் அப்பா கண்ணில் நீர் வைத்துக்கொண்டு, "எம்பிள்ள மேல ஒரு அடி விழாதும்மா, அது போதும் எனக்கு" என்றார்.

அன்றைக்கு முழுக்க நானும் அக்காவும் சண்டை.

"பேச்சியும் ஒரு மனுஷிதான்க்கா" என்றேன்.

"நான் யாரு? பதினோரு வாட்டி காப்பித் தட்டத் தூக்கிட்டு வந்து நின்னேன்லா, அப்பம் எனக்காவ யாரும் தர்க்கம் பண்ணலயே. நீ ஹாஸ்டல்ல இருந்த."

"அதுக்காக?"

"அதுக்காவத்தான். எனக்கு வலிக்காதுங்காங்க. ஏட்டி, இருவத்தெட்டு வயசுக்கு எனக்குன்னு மொத மொதல்ல ஒரு நல்ல விஷயம் சொல்லுதாங்க. அதையும் பிடுங்காத."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நிச்சயத்தன்று மண்டபத்தில் இருநூறு பேர். காலை பதினொன்றரைக்கு அக்கா பட்டுச்சேலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பேச்சி அவளுக்குத் தண்ணீர்ச் செம்பு கொண்டுவந்து கொடுக்கக் குனிந்தாள். செம்பு நீட்டிய அந்தக் கை, வலது கை, அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், யாரோ பின்னாலிருந்து பிடித்து முறுக்கியதுபோல மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. முழங்கை போகக் கூடாத பக்கமாகப் போனது. செம்பு விழவில்லை. பேச்சி அதை இடது கைக்கு மாற்றி, பட்டுச்சேலையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் தரையில் வைத்தாள், அதற்கப்புறம்தான் எலும்பு முறிந்தது. ஆறு பேரில் யாரோ, எந்தத் தெருவிலோ, எந்தக் குழம்பில் உப்பு கூடியதற்கோ. பேச்சி வியர்த்த முகத்தோடு அக்காவைப் பார்த்து, "குடிங்க, நெஞ்சு வறண்டிருக்கும்" என்றாள்.

அக்கா அந்தச் செம்பை எடுக்கவில்லை.

தாம்பாளத்தில் இரண்டு ஜாதகமும் விரித்து வைக்கப்பட்டன. ஒன்றில் செவ்வாய், ஒன்றில் வெறும் வெள்ளைக் கட்டம். சங்கரபாண்டி, "பேச்சி, வா" என்றார். பேச்சி தொங்குகிற கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடுவில் வந்து நின்று, வாயைத் திறந்தாள்.

அக்கா எழுந்தாள். நிச்சயப் பாயிலிருந்து பெண் எழுந்தால் அபசகுனம் என்று நாலைந்து குரல் கேட்டது. அவள் நடந்து போய்த் தன் உள்ளங்கையைப் பேச்சியின் வாயில் வைத்துப் பொத்தினாள்.

"மாப்பிள்ள சொல்லட்டும்" என்றாள்.

"என்ன சொல்லுத?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பொருத்தம்னு மூணு வாட்டி அவரே சொல்லட்டும் அத்த. அவர் ஜாதகம்தான. ஏழு சுத்தம்னு சொன்னிய."

அந்த ஒரு வினாடியில் அங்கே இருந்த ஒவ்வோர் ஆணும், தான் அன்றைக்குத் தன் நிச்சயத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லியிருந்தால் இன்றைக்குத் தன் முதுகு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். சிலருடைய கை தன்னாலே போய்ப் பிடரியைத் தடவியது. பெண்கள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள சொல்லுத வழக்கம் இல்ல" என்றார் சங்கரபாண்டி.

"தாலி அறுத்தவ சொல்லுத வழக்கம் இருந்துச்சா?" என்றேன் நான்.

ஞானதுரையின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. சொல்ல மாட்டேன் என்றால் இருநூறு பேருக்கு முன்னால் எதை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். யாரோ பின்னாலிருந்து, "சொல்லும் மச்சான், அடிக்கலன்னா என்ன பயம்" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. அல்லது நடத்தியது.

"பொருத்தம்" என்றார் எழுந்து நின்று. அக்காவை நோக்கி ஓர் எட்டு வைத்தார். "பொருத்தம்." இன்னோர் எட்டு. "பொருத்தம்டி, போதுமா" என்று சொன்ன மூச்சிலேயே, செங்கல் தூக்கி உரமேறிய அந்தக் கையை முழு வீச்சில் ஓங்கி, என் அக்காவின் முகத்தில் அறைந்தார்.

சத்தம் மண்டபத்துக் கூரையில் பட்டுத் திரும்பியது. பேச்சி கண்ணை இறுக மூடிக் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். அக்கா இமைக்கவில்லை, நெற்றிப்பொட்டுக்கூடக் கலையவில்லை. ஞானதுரையின் தலைதான் திரும்பியது, உதடு பிளந்து ரத்தம் சட்டையில் கொட்டியது, பல் ஒன்று பறந்து போய்த் தாம்பாளத்தில், அவருடைய ஜாதகத்தில், துடைத்துவிட்டாற்போல இருந்த ஏழாம் கட்டத்தில் விழுந்து நின்றது.

சங்கரபாண்டி முதலில் குனிந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெரியவர்கள். முப்பது வருஷமாக எங்கள் அம்மாக்களின் கட்டங்களைப் பார்த்த அதே முகத்தோடு பார்த்துவிட்டு, "இப்பம்லா தெரியுது," என்றார் தலைவர், "அடி வாங்குத ஜாதகம்லா இது." அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. ஊர் அப்படித்தான், கட்டத்தில் எழுதித் தந்தால் எதையும் ஏற்றுக்கொள்ளும்.

அந்த ஆனியில் வேறு கல்யாணம் நடக்கவில்லை, ஆவணியிலும் இல்லை. சூளைக்காரர் எங்கள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. பேச்சி சொன்ன ஆறு கல்யாணத்துப் பெண்களில் நான்கு பேர் மறுவாரமே புருஷனை மண்டபத்துக்கு இழுத்து வந்து மூன்று தடவை சொல்ல வைத்தார்கள், இரண்டு பேர் வரவில்லை, அந்த இரண்டு வீட்டு அடியும் இன்னும் பேச்சிக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது, நானும் அக்காவும் அந்த இரண்டு வாசலுக்கும் தினம் போய்க்கொண்டிருக்கிறோம். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, அந்தச் சத்தத்துக்கு அப்புறம், நான் பார்த்துக்கொண்டிருந்தது பேச்சியை.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். கன்னத்திலிருந்து கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள். திரும்பவும் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "இது எனக்கில்ல" என்றாள் யாரிடமோ.

"ஏ பேச்சி," என்று தாம்பாளத்தைக் காட்டினார் சங்கரபாண்டி, "இதக் கொஞ்சம் எடுத்து வெளிய போடு, ஆள் பாக்க அசிங்கமா கெடக்கு."

பேச்சி பாயில், அக்கா எழுந்த இடத்தில், மெதுவாக உட்கார்ந்தாள். நல்ல கையால் செம்பை எடுத்து, அண்ணாந்து, தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"யார் பல்லோ," என்றாள், "அவரே குனிஞ்சு எடுத்துக்கிடட்டும்."